முதல் வாய்க் கஞ்சிக்கு முன்னால்: எல்லையோர மருத்துவமனைகளை நடத்துபவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய சுகாதாரத் துறை அதிகாரிகளுக்கும், மருத்துவமனைக் கண்காணிப்பாளர்களுக்கும், நர்சிங் சூப்பிரண்டுகளுக்கும்,

வணக்கம்.

கேரள-தமிழ்நாடு எல்லையில், பாலக்காட்டுப் பக்கம், வாளையாறு, வேலந்தாவளம், கோபாலபுரம், மீனாட்சிபுரம், கோவிந்தாபுரம் என்று சோதனைச் சாவடிகளை ஒட்டிய ஊர்களில் நர்சுகளாகவும் பிசியோதெரபிஸ்டுகளாகவும் பாலியேட்டிவ் (தீராத நோயின் வேதனையைத் தணிக்கும்) வீட்டுப் பராமரிப்பிலும் வேலை பார்ப்பவர்களும், பார்த்து ஓய்வு பெற்றவர்களும் சேர்ந்து இதை எழுதுகிறோம். கேரளத்தின் 1969-ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டம், இங்குள்ள தமிழர்கள் அரசுக்குத் தமிழிலேயே எழுதலாம் என்கிறது. அந்தத் தைரியத்தில்தான் எழுதுகிறோம். படித்துச் சொல்ல ஆள் இல்லை என்று ஃபைலுக்குள் போட்டு மூடிவிட வேண்டாம் என்று முதலிலேயே கேட்டுக்கொள்கிறோம்.

பக்கவாத நோயாளிகளின் விழுங்கும் சோதனை பற்றி எழுத வைத்தது ஒரு தாள். எல்லையோர ஆஸ்பத்திரி ஒன்றின் மெடிக்கல் வார்டுச் சுவரில், மலையாளத்திலும் தமிழிலும் ஒட்டியிருக்கிறது: நோயாளிக்கு உணவு கொடுப்பது, திருப்பிப் படுக்க வைப்பது, டயப்பர் மாற்றுவது எல்லாம் பைஸ்டாண்டரின் (நோயாளிக்குத் துணையிருக்கும் வீட்டாரின்) பொறுப்பு, இதற்காக சிஸ்டர்களை அழைக்கக் கூடாது. எந்த ஆஸ்பத்திரி என்று சொல்லப் போவதில்லை. சொன்னால் அந்தத் தாள் மட்டும் கிழிக்கப்படும், வேறு ஒன்றும் மாறாது. தாள் ஒட்டாத இடங்களிலும் நடப்பது இதுதான். எல்லைக்கு இந்தப் பக்கமும் அப்படித்தான், அந்தப் பக்கமும் அப்படித்தான்.

கால் முறிந்து படுத்திருப்பவருக்கு மகள் சோறு ஊட்டினால் யாருக்கும் நஷ்டமில்லை. பக்கவாதம் வந்து காலையில் சேர்ந்தவருக்கு மத்தியானம் ஊட்டுவது அப்படியல்ல என்பது தங்களுக்குத் தெரியும். சேரும்போது ஏறக்குறைய பாதிப் பேருக்கு விழுங்குவதில் ஏதோ ஒரு குறை இருக்கும். அந்தப் பாதி யார் என்று முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. கை கால் நன்றாக அசைகிறவருக்கும் இருக்கும், வாய் கோணாதவருக்கும் இருக்கும்.

எங்கள் கோரிக்கை ஒன்றுதான். பக்கவாதத்தோடு சேரும் எவருக்கும், விழுங்கும் சோதனை செய்து கேஸ் ஷீட்டில் எழுதும் வரை, வாய் வழியாகத் தண்ணீரோ மாத்திரையோ கஞ்சியோ போகக் கூடாது. அந்தச் சோதனையைச் செய்யத் தெரிந்த நர்ஸ் ஒருவர் ஒவ்வொரு ஷிப்டிலும் இருக்க வேண்டும், நைட் ஷிப்டிலும்.

இப்போது நடப்பது என்ன? பத்து மணிக்கு ஸ்கேன் முடிந்து நோயாளி வார்டுக்கு வருகிறார். "காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை" என்று வீட்டாருக்குத் தவிப்பு. சாப்பிட ஏதாவது கொடுக்கலாமா என்று கேட்டால், போகிற போக்கில் "லிக்விடா ஏதாவது கொடுங்க" என்று பதில் வரும். தண்ணியாக இருந்தால் சுலபமாக இறங்கும் என்பது நம் எல்லோர் வீட்டிலும் உள்ள எண்ணம். தொண்டை பலவீனமானவருக்கு அது நேர் எதிர். தண்ணீரும் பால் விடாத கட்டன் சாயாவும் இளநீரும் நாக்கைத் தாண்டி ஓடுகிற வேகத்துக்கு, மூச்சுக்குழலை மூட வேண்டிய தசை ஈடு கொடுக்காது. கெட்டியாக, ஒரே பதமாக இருப்பது மெதுவாக நகரும், தொண்டைக்கு நேரம் கொடுக்கும். இதில் மிக மோசமானது நம் பக்கத்து மட்டை அரிசிக் கஞ்சி. தண்ணீர் தனி, பருக்கை தனி. வாய் பருக்கையை மென்றுகொண்டிருக்கும்போதே தண்ணீர் தொண்டைக்குள் இறங்கிவிடும். கேன்டீனில் சுலபமாகக் கிடைப்பதும், நோயாளிக்கு இதுதான் ஆகாரம் என்று பரம்பரையாக நம்புவதும் அதே கஞ்சிதான்.

புரை ஏறினால் தெரிந்துவிடுமே என்பார்கள். பலருக்குப் புரையே ஏறாது. தொண்டையின் உணர்ச்சி மரத்துப் போனவருக்குக் கஞ்சி மூச்சுக்குழலில் போனாலும் இருமல் வராது. முழு டம்ளரும் அமைதியாகக் குடித்து முடிப்பார், வீட்டாரும் நிம்மதியாகக் கையைக் கழுவிக்கொள்வார்கள். இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ காய்ச்சல், மூச்சு வாங்கல், எக்ஸ்ரேயில் பெரும்பாலும் வலது நுரையீரலின் அடிப்பக்கம் வெள்ளை. கேஸ் ஷீட்டில் "நிமோனியா" என்று எழுதப்படும். எங்கிருந்து வந்தது என்று எழுத அந்தத் தாளில் இடமில்லை. வீட்டாரிடம் "வயசாயிடுச்சு, சளி கட்டிக்கிச்சு" என்று சொல்லப்படுகிறது. தன் கையால் ஊட்டிய மகளுக்கு உண்மைக் காரணம் சொல்லப்படாமல் இருப்பதே கருணை என்று நினைத்துக்கொள்ளலாம். அதைத் தடுத்திருக்க வேண்டியவர்கள் அப்படி நினைத்துக்கொள்ள முடியாது.

சோதனை பெரிய வித்தை இல்லை. மெஷின் வேண்டாம், டெண்டர் வேண்டாம். 15 நிமிடமாவது விழித்திருக்கிறாரா என்று பார்க்க வேண்டும். தூங்கித் தூங்கி விழுபவருக்குச் சோதனையே கூடாது. கட்டிலை நிமிர்த்தி, முதுகுக்கும் பலவீனமான பக்கத்துக்கும் தலையணை கொடுத்து, 90 பாகைக்கு உட்கார வைக்க வேண்டும். (கட்டிலின் கைப்பிடி துருப்பிடித்துச் சுற்றவே வராத வார்டுகளில் இந்த முதல் படியே நடக்காது என்பதையும் கவனிக்க வேண்டுகிறோம்.) வாயைத் திறந்து பார்த்து, பழைய சளியும் உணவும் இருந்தால் துடைத்துவிட்டு, ஆடுகிற பல் செட்டைக் கழற்ற வேண்டும். இருமச் சொல்ல வேண்டும், எச்சிலை விழுங்கச் சொல்ல வேண்டும். எச்சில் வாயோரம் ஒழுகினாலோ, குரல் ஏற்கெனவே கரகரவென்று ஈரமாக இருந்தாலோ அங்கேயே நிறுத்திவிடலாம்.

இதெல்லாம் சரியாக இருந்தால் டீஸ்பூனில் 5 மி.லி. தண்ணீர். குரல்வளை மேலே ஏறி இறங்குகிறதா என்று கழுத்தில் விரலை லேசாக வைத்துப் பார்க்க வேண்டும். விழுங்கியதும் "ஆ" என்று நீட்டிச் சொல்லச் சொன்னால், தண்ணீர் குரல்வளை மேல் நின்றால் குரல் கொப்பளிப்பது போலக் கேட்கும். இருமல், குரல் மாற்றம், மூச்சு வேகமாவது, விரலில் மாட்டிய பல்ஸ் ஆக்ஸிமீட்டரில் எண் சட்டென்று இறங்குவது, இதில் எது வந்தாலும் தோல்விதான். வராவிட்டால் இன்னும் இரண்டு ஸ்பூன், ஒவ்வொன்றுக்கும் நடுவில் பொறுத்திருந்து பார்த்து. மூன்றும் சரியென்றால் டம்ளரில் 50 மி.லி., சிறு சிறு மிடறாக. மொத்தம் பத்து நிமிட வேலை. தேறாதவருக்குக் கட்டிலின் தலைமாட்டில் "வாய் வழி ஒன்றும் கூடாது" என்ற அட்டை, தமிழிலும் மலையாளத்திலும். 24 மணி நேரத்துக்குள் மறுபடி சோதனை. பலருக்கு முதல் இரண்டு வாரத்தில் விழுங்கும் சக்தி திரும்பிவிடும். மறுபடி பார்க்காவிட்டால் தேவையில்லாமல் மூக்கில் போட்ட குழாயோடு வீட்டுக்குப் போவார்கள்.

சில டாக்டர்கள் தொண்டையின் பின்பக்கத்தைக் குச்சியால் தொட்டு ஓங்கரிக்கிறாரா என்று பார்த்துவிட்டு "ஃபீட் கொடுக்கலாம்" என்று எழுதுகிறார்கள். ஓங்கரிப்பதற்கும் பத்திரமாக விழுங்குவதற்கும் சம்பந்தமில்லை. ஓங்கரிப்பு நன்றாக இருந்தும் புரை போகிறவர்கள் உண்டு, ஓங்கரிப்பே இல்லாமல் நன்றாக விழுங்குகிறவர்களும் உண்டு. இதைச் சொல்லும் நர்சுக்கு "டாக்டரா நீ" என்று பதில் கிடைக்கிறது.

தேறாதவருக்கு ரைல்ஸ் ட்யூப், மூக்கு வழியாக வயிற்றுக்குப் போகும் குழாய். அதிலும் கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது. மூக்கு நுனியிலிருந்து காது மடல், அங்கிருந்து நெஞ்செலும்பின் கீழ் நுனி என்று அளந்து, அந்த அடையாளத்தில் பிளாஸ்திரி ஒட்டுகிறவர்கள் குறைவு. ட்யூப் வயிற்றில் இருக்கிறதா என்று பார்க்க, சிரிஞ்சில் காற்றைத் தள்ளி ஸ்டெதாஸ்கோப்பில் சத்தம் கேட்பதும், முனையைத் தண்ணீர்க் கிண்ணத்தில் வைத்துக் குமிழி வருகிறதா என்று பார்ப்பதும் நம்பகமானவை அல்ல என்று உலகம் ஒதுக்கி வெகு காலம் ஆகிறது. உள்ளிருந்து உறிஞ்சிய நீரை, அமில அளவு காட்டும் பி.எச். தாளில் தொட்டால் 5.5-க்குக் கீழே காட்ட வேண்டும். நம் வார்டுகளில் பக்கவாதக்காரர் அநேகமாக எல்லோருக்கும் பான்டோப்ரசோல் ஓடுவதால் அமிலம் குறைந்து எண் ஏறித் தெரியலாம். சந்தேகம் இருந்தால் எக்ஸ்ரே எடுக்க வேண்டும். ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி போட்டவருக்கு முதல் 24 மணி நேரம் ட்யூபைக் கூடிய வரை தள்ளிப்போடுவது நல்லது, மூக்கிலிருந்து ரத்தம் நிற்காமல் போகலாம்.

ட்யூப் போட்ட பிறகு சிஸ்டர் ஒரு முறை ஊற்றிக் காட்டுவார். அடுத்த வேளையிலிருந்து பைஸ்டாண்டர். படுத்திருப்பவருக்கு 50 மி.லி. சிரிஞ்சின் பிஸ்டனை அழுத்தி ஐந்து நிமிடத்தில் கால் லிட்டரை உள்ளே தள்ளுவதைத் தினமும் பார்க்கிறோம். தலைமாட்டை 30 பாகையாவது உயர்த்தி, பிஸ்டனைக் கழற்றிவிட்டுச் சிரிஞ்சைப் பிடித்துக்கொண்டு தானாக இறங்க விட வேண்டும், 200 மி.லி.க்கு 15, 20 நிமிடம். முன்னும் பின்னும் 30 மி.லி. தண்ணீர். முடிந்த பிறகும் ஒரு மணி நேரம் தலைமாட்டை இறக்கக் கூடாது. சொல்லித் தந்தால் நம் வீட்டு அம்மாக்கள் யாரையும் விட நன்றாகவே செய்வார்கள், அதில் சந்தேகமில்லை. சொல்லித் தருவதற்குத்தான் ஆள் இல்லை.

மாத்திரை இன்னொரு தலைவலி. எல்லா மாத்திரையையும் ஒரே உரலில் போட்டு இடித்துக் கரைத்து ஊற்றும் பழக்கம் எல்லா இடத்திலும் இருக்கிறது. மேல் பூச்சுள்ள ஆஸ்பிரினை இடித்தால் பூச்சு போட்டதன் பலன் போகிறது, தூள் ட்யூபை அடைக்கிறது. நிஃபெடிபைன் ரிடார்ட் போல மெதுவாகக் கரைய வேண்டியதை இடித்தால் பல மணி நேரத்து மருந்து மொத்தமாக இறங்கி பிரஷர் திடீரென்று விழும். உயிருக்கும் சாவுக்கும் நடுவில் நிற்கும் மூளைப் பகுதிக்கு அந்த நேரத்தில் ரத்தம் போகாவிட்டால், ஊசி போட்டுக் காப்பாற்றியதைக் கையால் இழப்போம். இடிக்கக் கூடாத மாத்திரைகளின் பட்டியல் ஒரு பக்கத்துக்கு மேல் வராது. பார்மசியிலிருந்து அதை வாங்கி நர்சிங் ஸ்டேஷனில் ஒட்டினால் போதும். சுவரில்தான் ஏற்கெனவே ஒட்டிப் பழகியிருக்கிறோமே.

வாய் வழி நிறுத்தும்போது இன்னும் இரண்டு ஆபத்துகள். காலை இன்சுலினை மட்டும் வழக்கம் போலப் போட்டுவிட்டுச் சாப்பாட்டை நிறுத்தினால் பத்து, பதினொரு மணிக்கு சர்க்கரை விழும். மயங்கிக் கிடப்பதைப் பார்த்து "ஸ்ட்ரோக் கூடிவிட்டது" என்று ரெஃபர் சீட்டு எழுதியது எங்களுக்குத் தெரியும். மற்றது, பலவீனமாக இருக்கிறார் என்று டெக்ஸ்ட்ரோஸ் (சர்க்கரை நீர்) டிரிப்ஸ் ஏற்றுவது. மூளை வீங்கும் நேரத்தில் அது நல்லதல்ல. நார்மல் சலைன் போதும், டிரிப்ஸ் ஊசி பலவீனமான கையில் வேண்டாம்.

இதெல்லாம் வெளிநாட்டு ஆடம்பரம் என்று தாங்கள் நினைக்கக் கூடாது. 2011-ல் லான்செட் இதழில் வந்த ஆஸ்திரேலிய ஆய்வு, நியூ சவுத் வேல்ஸின் 19 ஸ்ட்ரோக் யூனிட்டுகளில் நடந்தது. புது மருந்து எதுவும் இல்லை. முதல் மூன்று நாள் காய்ச்சலைக் கவனித்து 37.5 டிகிரியிலேயே பாரசிட்டமால், சர்க்கரையைக் கவனித்து இன்சுலின், சேர்ந்த 24 மணி நேரத்துக்குள் விழுங்கும் சோதனை. மூன்றையும் நர்சுகளே முறைப்படி செய்த இடங்களில், 90-ஆம் நாளில் இறந்தோ பிறர் கையை எதிர்பார்த்தோ இருந்தவர்கள் 100-க்கு 42 பேர். செய்யாத இடங்களில் 58. பிரிட்டனில் இப்போது அந்தச் சோதனையை 4 மணி நேரத்துக்குள்ளேயே முடிக்கச் சொல்கிறார்கள். ஒரு தெர்மாமீட்டர், ஒரு குளுக்கோமீட்டர், ஒரு டீஸ்பூன். இதில் எது நம்மிடம் இல்லை?

நர்ஸ்தான் இல்லை. ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி போட்டவருக்கு முதல் 2 மணி நேரம் 15 நிமிடத்துக்கு ஒரு முறை, அடுத்த 6 மணி நேரம் அரை மணிக்கு ஒரு முறை, அதன் பிறகு 24 மணி நேரம் முடியும் வரை மணிக்கு ஒரு முறை என்று பிரஷரும் நினைவும் கை கால் பலமும் பார்க்க வேண்டும். கூட்டினால் ஒருவருக்கு ஒரு நாளில் 36 முறை. இரவில் முழு வார்டுக்கும் இரண்டு பேரை நிறுத்திவிட்டு இதைக் கேட்டால், எண்ணெல்லாம் சார்ட்டில் இருக்கும், விடியற்காலையில் ஒரே பேனாவில், ஒரே மூச்சில் எழுதியதாக. அந்தச் சகோதரிகளைக் குறை சொல்லவில்லை. அவர்களைப் பொய் எழுத வைக்கும் டூட்டி பட்டியலைப் போட்டவர்கள் யார் என்றுதான் கேட்கிறோம்.

கேரளத்தின் சிரஸ் திட்டம் மாவட்ட ஆஸ்பத்திரிகளுக்கு ஸ்ட்ரோக் சிகிச்சையைக் கொண்டு வந்தது மறுக்க முடியாத நல்ல காரியம். திறப்பு விழாக்களுக்கும் குறைவில்லை. சி.டி. மெஷினுக்கு ஒரு ரிப்பன், கட்டிடத்துக்கு ஒரு ரிப்பன், ஆம்புலன்சுக்கு ஒரு கொடியசைப்பு, ஒவ்வொன்றுக்கும் கல்வெட்டில் இத்தனை பேர். நர்ஸ் பணியிடத்துக்கு ரிப்பன் கட்ட முடியாது, அதனால்தான் அது நிரம்பவே மாட்டேனென்கிறதோ என்னவோ. தேவைப்பட்டால் டீஸ்பூனுக்கும் விழா நடத்தலாம். மைக் செட், பந்தல் செலவை நாங்களே பிரித்துக்கொள்கிறோம். எல்லைக்கு அப்பாலும் இதே கதைதான். ஃப்ளெக்ஸில் சிரிக்கும் முகங்கள்தான் வேறு.

பேச்சு எங்கேயோ போகிறது, பொறுத்தருள வேண்டும். விஷயத்துக்கு வருகிறோம்: சோதனை முடியும் வரை வாய் வழி ஒன்றும் கூடாது, செய்யத் தெரிந்த நர்ஸ் எல்லா ஷிப்டிலும் வேண்டும்.

எல்லைப் பகுதிக்கென்று தனியாக இரண்டு விஷயம். முதலாவது ரெஃபர் சீட்டு. இங்கிருந்து நோயாளி திருச்சூருக்கும் போகிறார், கோயம்புத்தூருக்கும் போகிறார். சீட்டில் ஸ்கேன் முடிவு இருக்கும், பிரஷர் இருக்கும், விழுங்குவது பற்றி ஒரு வரி இருக்காது. வழியில் ஆம்புலன்சில் நாக்கு வறள்கிறது என்று ஒரு மூடி தண்ணீர் கொடுத்துவிடுகிறார்கள். "சோதனை செய்தது / செய்யவில்லை, தேறினார் / தேறவில்லை, கடைசியாக வாய் வழி கொடுத்த நேரம்" என்று மூன்று கட்டம் அச்சிட்டால் போதும். வாய் வறண்டவருக்குத் தண்ணீர் தேவையில்லை, நனைத்துப் பிழிந்த துணியால் உதட்டையும் நாக்கையும் துடைக்கலாம் என்று 108 ஊழியர்களுக்கும் சொல்லுங்கள்.

இரண்டாவது, பேச்சு. பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் தாலுகாவில் பிழைக்கிறவர்கள் பெரும்பாலும் இரண்டு மொழியும் அறிந்தவர்கள்தான். ஆனால் வயசான பெண்களும், மூணாறு, தேவிகுளம் மலையிலிருந்து வரும் எஸ்டேட் தொழிலாளர் குடும்பத்துப் பாட்டிகளும் தமிழ் மட்டுமே பேசுபவர்கள். மூளையில் அடி பட்ட நேரத்தில், அவசரமான மலையாளத்தில் "இருமுங்கள், கையைத் தூக்குங்கள்" என்று கேட்டுப் பதில் வராவிட்டால், "சொன்னதைச் செய்யவில்லை" என்று எழுதப்படுகிறது. நினைவு மதிப்பெண் குறைகிறது, சோதனை தள்ளிப் போகிறது, தேவையில்லாத ட்யூப் ஒன்று நுழைகிறது. பத்துக் கட்டளைகளைத் தமிழிலும் மலையாளத்திலும் எழுதிய ஒரு அட்டையும், செய்து காட்டிக் கேட்கும் பொறுமையும் வேண்டும். அட்டையை நாங்கள் எழுதித் தருகிறோம்.

திருப்பிப் படுக்க வைப்பதைப் பற்றியும் அந்தத் தாள் சொல்லியிருப்பதால் ஒன்று. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை திருப்ப வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். திருப்பும்போது பலவீனமான கையைப் பிடித்து இழுக்கிறார்கள், தூக்கும்போது அக்குளில் கை கொடுத்துத் தூக்குகிறார்கள். தசை பிடிப்பில்லாத தோள்பட்டை மூட்டு நழுவிவிடும், அந்த வலி கை வேலை செய்யத் தொடங்கிய பிறகும் மாதக்கணக்கில் இருக்கும். 2008-ல் பாலியேட்டிவ் கொள்கை கொண்டு வந்து ஊருக்கு ஊர் வீட்டுப் பராமரிப்பு ஏற்படுத்திய மாநிலம் இது. அந்த நர்சுகள் வீட்டுக்குப் போய்ப் பார்க்கும் வால்எலும்புப் புண்ணும் குதிகால் புண்ணும் எங்கே தொடங்கியவை என்று அவர்களிடமே கேளுங்கள். பைஸ்டாண்டர் உதவட்டும், வேண்டாமென்று யாரும் சொல்லவில்லை. முதல் முறை நர்ஸ் செய்து காட்டி, இரண்டாம் முறை பக்கத்தில் நின்று பார்த்த பிறகு உதவட்டும்.

ஆகையால் தங்களைப் பணிவுடன் கேட்டுக்கொள்வது: பக்கவாத நோயாளிகளைப் பொறுத்தவரை மேற்சொன்ன அறிவிப்பைத் திரும்பப் பெற்று, விழுங்கும் சோதனைக்கு முன் வாய் வழி எதுவும் கூடாது என்று எழுத்தில் உத்தரவிடுங்கள். ஒவ்வொரு ஷிப்டிலும் அதைச் செய்யத் தெரிந்த ஒருவரையாவது டூட்டி பட்டியலில் பெயரோடு போடுங்கள். அவர் லீவில் போனால் அடுத்தவர் யார் என்பதும் அதே பட்டியலில் இருக்கட்டும்.

பயிற்சிக்கு ஒரு மத்தியானம் போதும். எங்களில் ஓய்வு பெற்றவர்கள் சம்பளமில்லாமல் வந்து சொல்லித் தரத் தயாராக இருக்கிறோம். வார்டிலேயே, நைட் டூட்டிக்காரர்களும் வரக்கூடிய ஷிப்ட் மாறும் நேரத்தில் வைத்துக்கொள்ளலாம். நிமிர்த்த முடிகிற ஒரு கட்டில், டீஸ்பூன், டம்ளர், பல்ஸ் ஆக்ஸிமீட்டர், பி.எச். தாள் ஒரு பெட்டி இவற்றை மட்டும் தாங்கள் ஏற்பாடு செய்து, தேதியைத் தெரிவிக்க வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
எல்லையோர ஊர்களின் நர்சுகள், பிசியோதெரபிஸ்டுகள், வீட்டுப் பராமரிப்புப் பணியாளர்கள்